தமிழ் நூல்களை இணையத்தில் தேடும்போதும் பகிரும்போதும் நாம் செய்கிற தவறுகள்

'தமிழ்ப் புத்தகங்கள் இலவசம், 100 தளங்கள்' என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் என் சித்தி, பேரனின் பேச்சுப்போட்டிக்கு 'யாதும் ஊரே' பாட்டு முழுசாக வேண்டும் என்று கேட்டபோது நானும் அதைத்தான் அனுப்பிவைத்தேன். ராத்திரி போன் வந்தது. "என்னப்பா, பாதி திறக்கவே மாட்டேங்குது, திறந்ததுல எங்க தேடறதுன்னு தெரியல." அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். செத்துப்போன தளங்கள், விளம்பரம் மட்டுமே இருக்கும் பக்கங்கள், போனில் உள்ள தொடர்பு எண்களைக் கேட்கும் ஒரு செயலி. தானே திறந்து பார்க்காத ஒன்றை அடுத்தவருக்கு அனுப்புவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகள் அதிலிருந்துதான் வருகின்றன.

நல்ல தளங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தேடினால் கிடைக்காது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழைதிருத்தியும் சேர்த்த தொகுப்பு. அங்கே நூல் எழுத்தாகவே இருப்பதால் பாட்டின் ஒரு வரியைப் போட்டே தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தின் பக்கங்களை அப்படியே படமெடுத்து வைத்திருக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் வரியைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்ப முடியாது, அங்கே நூலின் பெயர், ஆசிரியர் பெயர் என்றுதான் தேட வேண்டும். இலங்கைத் தமிழ் இதழ்கள், நூல்கள், நினைவுமலர்கள் வேண்டுமென்றால் 2005இல் தொடங்கிய, 'நூலகம்' என்றே பெயருள்ள தளத்துக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் இதே கதைதான். கூகுளில் ஒரு வரியைப் போட்டு, ஒன்றும் வரவில்லை என்றதும் 'இணையத்தில் இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறோமே, அது பெரிய தவறு. புத்தகம் அங்கே இருக்கும், நாம் தேடிய வழிதான் அதற்குப் பொருந்தியிருக்காது.

எழுத்துகூட்டல் விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். புறநானூற்றின் 192ஆம் பாட்டு நம் எல்லாருக்கும் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்றுதான் மனப்பாடம். பழைய பதிப்புகளில், சீர் பிரித்த முறையிலும் புணர்ச்சியோடும், அது 'யாது மூரே யாவருங் கேளிர்' என்று அச்சாகியிருக்கும். நாம் போடும் வரியும் அங்கே இருக்கும் வரியும் கணினிக்கு வேறு வேறு. இந்த மாதிரி இடத்தில் புணர்ச்சியில் அவ்வளவாக மாறாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள், இந்தப் பாட்டுக்கு 'பிறர்தர வாரா' போதும். ஔவையாரைத் தேடும்போது இன்னொரு சிக்கல். ஔ என்பது ஒரே எழுத்து, ஆனால் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஒரு பக்கத்துக்குள் தேடும்போது மட்டும் அகப்படாது, இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். இலங்கை எழுத்து வழக்கும் வேறு. நாம் கணினி என்று எழுதுவதை அங்கே கணணி என்று எழுதுபவர்கள் நிறைய, டொராண்டோ அவர்களுக்கு ரொறன்ரோ. அதை யாரும் பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது, அந்த எழுத்தில் தேடினால்தான் அவர்கள் எழுதியவை நம் கைக்கு வரும்.

பழைய எழுத்துருக்கள் இன்னொரு தொல்லை. பாமினி போன்ற எழுத்துருவில் செய்த பிடிஎஃப் திரையில் அழகான தமிழாகத் தெரியும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே பகிர்ந்தால், அந்த நூல் இணையத்தில் இருந்தும் தேடலில் அகப்படாது. உங்களிடம் தாத்தாவோ மாமாவோ தட்டச்சு செய்து வைத்த கோப்பு இருந்தால், எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றிவிட்டுப் பகிருங்கள், தயவுசெய்து.

சொற்பொருள் தேடும்போது முதலில் வரும் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் தேடும் வசதியோடு இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் 'வந்தான்' என்று தேடினால் தலைச்சொல்லாகக் கிடைக்காது, 'வா' என்று தேட வேண்டும். இது தெரியாமல் அகராதி சரியில்லை என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கூகுளில் சொற்றொடரை அப்படியே தேட இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுவது பலருக்குத் தெரியும். ஒரே தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் site என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டும். நடுவில் ஓர் இடைவெளியைப் போட்டுவிட்டுத்தான் பலர் 'இது வேலை செய்யவில்லை' என்கிறார்கள்.

சரி, பகிர்வதற்கு வருவோம். கூகுள் டிரைவ் இணைப்பை அனுப்பிவிட்டு அனுமதியைத் திறக்காமல் விடுகிறார்கள், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிடுகிறார்கள். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும், அனுப்புமுன் வேறு உலாவியில் உள்நுழையாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். இணைப்பில் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் நீளமான வால் பெரும்பாலும் நம்மைப் பின்தொடர்வதற்கானது, வெட்டலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது, யூடியூபின் பல இணைப்புகளில் வீடியோவின் அடையாளமே அங்கேதான் இருக்கும். அரிய பக்கமாக இருந்தால், இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து அந்த இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள், அசல் தளம் நாளை மூடப்பட்டாலும் அதைப் படிக்க வழி இருக்கும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த நூல் பட்டியலை அப்படியே அனுப்புவது இப்போது பெருகிவிட்டது. இல்லாத புத்தகத்துக்கும் அது பெயரும் முகவரியும் சொல்லும், ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் அனுப்பாதீர்கள். அதேபோல, உயிரோடிருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் போட்டதைப் பரப்புவதும் எனக்கு ஒப்பாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. பாரதியாரைப் போல நாட்டுடைமையான எழுத்துகளே நமக்கு எவ்வளவோ இருக்கின்றன.

சித்திக்குக் கடைசியில் அனுப்பியது ஒரே ஒரு இணைப்பு, கூடவே இரண்டு வரி: "மதுரைத் திட்டத்துப் புறநானூறு, நானே திறந்து பார்த்துட்டேன். 192ஆம் பாட்டுக்குப் போங்க, வரியைப் போட்டுத் தேடறதா இருந்தா 'பிறர்தர வாரா'ன்னு போடுங்க." பத்து நிமிஷத்தில் பேரன் அந்தப் பாட்டைப் படித்து எனக்குக் குரல்பதிவு அனுப்பினான்.