ஐ.எஸ்.ஓ. 45001 ஆடிட்டுக்கு ஒரு காண்ட்ராக்டர் தயாராவது எப்படி?

டெண்டர் தாளில் ‘ஐ.எஸ்.ஓ. 45001’ (வேலையிடப் பாதுகாப்பு, தொழிலாளர் உடல்நலத்துக்கான சர்வதேசத் தரநிலை) என்ற வரியைப் பார்த்ததும் பலர் தேடி ஓடுவது ரெடிமேட் ஃபைலை. ஆடிட்டில் கவிழ்ப்பதும் அதுதான். ராணிப்பேட்டை சிப்காட்டில் குழி சுத்தம் செய்பவரின் ஃபைலில் கடல் எண்ணெய்க் கிணற்றின் அபாயங்கள் இருந்தால் ஆடிட்டருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

2018இல் வந்த இந்தத் தரநிலைக்கு ஆடிட் இரண்டு கட்டம். முதலில் ஆவணம், பிறகு சைட். இரண்டாவதற்கு முன் உள் ஆடிட் ஒன்றும் நிர்வாக மறுஆய்வு ஒன்றும் முடிந்திருக்க வேண்டும். மூன்று மாதப் பதிவாவது கையில் இல்லாமல் தேதி வாங்காதீர்கள்.

தொடக்கம் அலுவலகத்தில் அல்ல. மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு சைட்டைச் சுற்றுங்கள். எடுக்கும் வேலை ஒவ்வொன்றையும் எழுதி, அதில் ஆளைக் கொல்லக்கூடியது எது என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

தோல் தொழிற்சாலைக் கழிவுக் குழியை எடுத்துக்கொள்வோம். ‘மாஸ்க் அணிய வேண்டும்’ என்று எழுதி முடிப்பதுதான் பொதுவான தவறு. தூசி மாஸ்க், குழியில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவைத் தடுக்காது, ஆக்சிஜனும் தராது. முதல் கேள்வி, ஆள் இறங்காமலே உறிஞ்சும் லாரியால் முடியுமா என்பது. முடியாது என்றால்தான் ஆள் இறங்க எழுத்தில் தரும் அனுமதியான பெர்மிட். உள்ளே வரும் குழாய்க்கு வால்வை மூடினால் போதாது, பிளாங்க் எனும் அடைப்புத் தகடு போட்டு அடைக்க வேண்டும். சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரோடு ஆசிட் சேர்ந்தால் அந்த இடத்திலேயே விஷவாயு கிளம்பும். பிளோயர் ஓட்டிய பிறகு மேல், நடு, அடி மூன்றிலும் அளக்க வேண்டும்: ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், எரியும் வாயு, அது தீப்பற்றி வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழ். ஒருமுறை அளந்தால் போதாது; சேற்றைக் கிளறும்போதுதான் வாயு வரும். மூக்கை நம்பவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் 100 பிபிஎம் அளவில் தெரியாமல் போகும், மூக்கு மரத்துவிடும். வெளியே ஒரு ஆள் இடத்தை விட்டு நகராமல் நிற்க வேண்டும். முக்காலியும் ஆளைத் தூக்கும் வின்ச்சும் உடம்பில் கட்டும் ஹார்னஸின் கயிறும் இறங்குவதற்கு முன்பே மாட்டியிருக்க வேண்டும். காப்பாற்றக் குதிப்பவர்தான் அடுத்த பிணம்.

பக்கத்து வளாகத்தின் அபாயத்தையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது இந்தத் தரநிலை. 2015 ஜனவரி 31 அன்று சிப்காட்டில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். உங்கள் ஆட்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்பதும் ஆபத்துப் பட்டியலில் வர வேண்டிய விஷயம்.

கூரை வேலையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டே நடக்க வேண்டும். ஹார்னஸ் போட்டுக்கொண்டு கொக்கியைத் தொங்கவிடுவதை ஆடிட்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். சைட் பேனலில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும், அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பதிவும் இருக்கட்டும். வேலூர் வெயிலும் ஒரு அபாயம்தான். மே மாதத்தில் ஷீட் வேலையைக் காலை ஆறுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முன் நிறுத்தும் ஏற்பாட்டை எழுதி வையுங்கள்.

பயிற்சிப் பதிவேட்டில் முப்பது கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் மொத்தப் பதிவேடும் சந்தேகத்துக்குள் போகும். ஒடிசா, பீகார் ஆட்களுக்குத் தமிழில் நடத்திய பயிற்சி பயிற்சியே அல்ல; இந்தியிலோ ஒடியாவிலோ சொல்ல ஆள் வையுங்கள். ஆறு மாதத்தில் ‘மயிரிழையில் தப்பியது’ ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சொன்னவனைத் திட்டினால் அடுத்தவன் சொல்ல மாட்டான். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் வந்தாலும் வாங்கி, என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் கிரேனும் சப்-காண்ட்ராக்ட் ஆட்களும் உங்கள் கணக்கில்தான் வருவார்கள்.

சான்றிதழ் நிறுவனத்துக்கு என்.ஏ.பி.சி.பி. (சான்றிதழ் நிறுவனங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) போன்ற அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். ஆலோசனை சொன்னவரே சான்றிதழும் தர முடியாது. ஒரு வாரத்தில் தருகிறேன் என்பவரிடம் வாங்கியது டெண்டர் சரிபார்ப்பில் நிற்காது. சான்றிதழ் மூன்று வருடத்துக்கு. ஆண்டுதோறும் கண்காணிப்பு ஆடிட் உண்டு.

ஆடிட் அன்று வேலையை நிறுத்தி ஆட்களை வரிசையாக நிற்க வைக்காதீர்கள். ‘குழியில் ஒருவர் மயங்கினால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் மேஸ்திரியே பதில் சொல்லட்டும். வின்ச் எங்கே இருக்கிறது, 108-ஐ யார் அழைப்பார் என்று அவர் கைகாட்டிச் சொன்னால் போதும்.