கடை வெப்சைட் போனில் பக்கவாட்டில் ஓடுகிறதா? சாட்பாட்டை வைத்துச் சரிசெய்யலாம்

அக்காவின் ஜவுளிக்கடை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கிறது. தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கியதுமே போனில் சைட்டைத் திறந்து விலை பார்க்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களுக்கு வாட்ஸ்அப் பட்டன் திரைக்கு வெளியே போய்க் கிடந்தது. தீபாவளி சீசனுக்கு முன்னால் இரண்டு ராத்திரி உட்கார்ந்து சரிசெய்தேன்.

முதலில் பேக்கப். அடுத்து, சைட்டின் வேகத்தைச் சோதிக்கும் கூகுளின் இலவசப் பக்கமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து மொபைல் ரிப்போர்ட்டை எடுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். அந்த ரிப்போர்ட்டையும் பக்கத்தின் கோடிங்கையும் சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ ஒட்டி இப்படிக் கேளுங்கள்:

"எனக்கு கோடிங் தெரியாது. முதலில் மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும் சொல். எந்த வரியை எடுத்துவிட்டு எதைப் போட வேண்டும் என்று காட்டு. கடையின் விலை, விவரம் எதிலும் கை வைக்காதே."

கடைசி வாக்கியம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் கேட்டபோது 'இலவச டெலிவரி' என்று தானாகவே ஒரு வரி சேர்த்துவிட்டது. அக்கா டெலிவரியே செய்வதில்லை. பாஸ்வேர்டையும் வாடிக்கையாளர் நம்பர்களையும் சாட்பாட்டில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

இனி, என்னை ஒரு முழு ராத்திரி உட்கார வைத்த இடம். பக்கம் பக்கவாட்டில் ஓடுகிறது என்றேன். 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிட்டன்' (overflow-x: hidden) என்ற வரியைப் போடு என்றது. போட்டேன், ஓடுவது நின்றது. ஆனால் வாட்ஸ்அப் பட்டன் அடியோடு காணோம். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அந்த வரி உள்ளே இழுப்பதில்லை, வெட்டிவிடுகிறது. முன்பாவது விரலால் தள்ளினால் பட்டன் கிடைத்தது, இப்போது அதுவும் போச்சு.

அந்த வரியை எடுத்துவிட்டுக் கேள்வியை மாற்றினேன்: "பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் சிவப்புக் கோடு போட ஒரு வரி கொடு." கம்ப்யூட்டர் குரோமில் எஃப்12 அழுத்தி, மொபைல் பார்வைக்கு மாற்றி, அகலம் 360 வைத்துப் பார்த்தால் எந்தக் கோடு திரையைத் தாண்டுகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் சைட்டில் எல்லாவற்றையும் சுற்றியிருந்த வெளிப்பெட்டிக்கு 'விட்த்' (width, மாறாத அகலம்) 1200 பிக்சல் என்று எழுதியிருந்தது. அதை 'மேக்ஸ்-விட்த்' (max-width, அதிகபட்ச அகலம்) ஆக்கியதும் பட்டன் உள்ளே வந்துவிட்டது. மிச்சம் இருந்தது நைட்டி விலைப் பட்டியல். அதைத் தனிப் பெட்டியில் போட்டு, பட்டியல் மட்டும் நகரும்படி கேட்டு வாங்கினேன். வேலை முடிந்ததும் சிவப்புக் கோட்டு வரியை நீக்க மறக்காதீர்கள்.

படங்களின் அளவைக் குறைக்க ஸ்கூஷ் (Squoosh) என்ற இணையதளம்தான் என் தேர்வு. படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாமலே சுருங்கும். 1000 பிக்சல் அகலம், வெப்பி (WebP) வடிவம் போதும். மேலே முதலில் தெரிகிற படத்துக்கு மட்டும் 'லேசி லோடிங்' (திரைக்கு அருகே வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) வேண்டாம், அது படம் வருவதையே தாமதப்படுத்தும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் உண்மையான போனில் திறந்து பாருங்கள். பழைய பக்கமே வந்தால் இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: ஆர்டர் படிவத்தில் பெயர் எழுதத் தொட்டதும் ஐபோனில் பக்கம் பெரிதாகிவிடுகிறது என்று திருவொற்றியூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உள்ளிடும் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் சஃபாரி அப்படிச் செய்யும். 16 ஆக்குங்கள், நின்றுவிடும்.