கொல்லை வேலிக்கு களாச்செடி: வெதை போடுறதுல இருந்து காய் பறிக்கிற வரைக்கும்

வருஷம் பூரா பச்சையா நிக்கணும், பழமும் குடுக்கணும், தண்ணிக்கு நம்ம உசுர எடுக்கக்கூடாது, இப்படி ஒரு செடி சொல்லுங்கன்னு தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் யாரு கேட்டாலும் நான் களாச்செடியத்தான் சொல்லுவேன். நர்சரில வெளிநாட்டு பெர்ரி செடிங்க நெறைய காட்டுவாங்க, ஓசூர் தளி குளிருக்கு அதுல ஒண்ணு ரெண்டு பொழைக்கலாம், அரூர் ஊத்தங்கரை வெயிலுக்கு அதெல்லாம் ஆவாது. களா நம்ம செம்மண்ணு, மொரம்பு, கல்லாங்காடு எதுலயும் வரும். பேக்கரி பன்னு மேல செவப்பா ஒரு செர்ரி வெக்கிறாங்களே, அது பல எடத்துல களாக்காய பாகுல ஊறவெச்சு கலர் ஏத்துனதுதான்.

ஒண்ணு மொதல்லயே முடிவு பண்ணிக்கோங்க, இத பூச்செடி மாதிரி வாசல்ல வெக்காதீங்க. முள்ளு சும்மா இல்ல, ஜோடி ஜோடியா, சிலது நுனில கவட்டையா பிரிஞ்சு விறைப்பா நிக்கும், கொழந்தைங்க ஓடுற எடத்துல வெச்சா கஷ்டம். வேலி ஓரந்தான் இதுக்கு சரியான எடம். கம்பி வேலிக்கு செலவு பண்றதுக்கு பதிலா இத நட்டு வுட்டா, வளந்த பின்னாடி மாடு தலைய நொழைக்காது.

வெதைல இருந்து கொண்டு வரணும்னா ஆடி ஆவணில நல்லா கறுத்து பழுத்த பழமா எடுத்து, பெசஞ்சு வெதைய அலசி, நெழல்ல ஒரு நா காயவெச்சு ஒடனே போட்டுறணும், இது முக்கியம், ஏன்னா களா வெதை டப்பால போட்டு அடுத்த வருஷத்துக்கு வெச்சா மொளைக்காது. செம்மண்ணு, மணல், மக்குன எரு மூணையும் கலந்து கவர்ல ரொப்பி அரை இஞ்சு ஆழத்துல போடுங்க. நாத்து மெதுவாத்தான் வரும், அடுத்த வருஷ மழைக்கு நட்டா போதும். அவசரமா இருந்தா பதியன். மழைக்காலத்துல பென்சில் தடிமன் கெளையா பாத்து ஒரு இஞ்சு அகலத்துக்கு பட்டைய வளையமா உரிச்சா வெள்ளையா பால் வடியும், அத தொடச்சுட்டு ஈரமான தேங்கா நார்த்தூள வெச்சு பாலித்தீன் கவரால இறுக்கி கட்டிடுங்க, ரெண்டு மூணு மாசத்துல வேர் வெளிய தெரியும். வெதைச்செடி காய்க்க மூணு வருஷம் போல ஆவும், பதியன் செடி அதுக்கு முன்னாடியே காட்டிரும். ரகமா வேணும்னா பந்த் மனோகர், பந்த் சுதர்சன், கொங்கன் போல்டுன்னு கேட்டு பாருங்க, கெடைக்கலனா நாட்டுக்களாவே போதும், ஊறுகாய்க்கு அந்த புளிப்புதான் வேணும்.

நடுறதுக்கு ஆடில இருந்து புரட்டாசிக்குள்ள நல்ல நேரம், ரெண்டு பருவ மழையும் செடிக்கு கெடைச்சுரும். வேலிக்குன்னா மூணு அடிக்கு ஒண்ணு, தனிச்செடியா பழத்துக்குன்னா பத்து அடியாவது வுடுங்க. ஒன்றரை அடி குழி, ஒரு கூடை தொழு எரு, மேல்மண்ணு, அவ்ளோதான். தண்ணி நிக்கிற பள்ளத்துல மட்டும் வேணாம், வேர் அழுகிரும். மொத வருஷ கோடைல வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணி காட்டுங்க, மூணாவது வருஷத்துல இருந்து மழையே பாத்துக்கும். ஆடு வர்ற எடம்னா சின்ன செடி சுத்தி கருவேல முள்ளு போட்டு வெச்சிருங்க, எளந்தளிர வுட்டு வெக்காது.

ஒரு அடி வளந்ததும் நுனிய கிள்ளி வுடணும். இத பல பேரு பண்றதில்ல, அப்புறம் மேல மட்டும் குடை மாதிரி படர்ந்து அடில ஓட்டையா நிக்கிது, கோழி கூட பூந்து போவுதுன்னு சொல்லுவாங்க. கிள்ள கிள்ளத்தான் அடியில இருந்து கெளை வெடிக்கும். பெரிய செடிய காய் முடிஞ்ச பின்னாடி வெட்டுங்க, மாசி பங்குனில வெள்ளையா வாசமா பூ பூக்குற நேரத்துல கத்திரிய தொடாதீங்க, அந்த வருஷக் காய் போச்சு. மாவுப்பூச்சி தெரிஞ்சா வேப்பெண்ணெயோட கொஞ்சம் சோப்பு கரைசல் கலந்து அடிச்சா போதும்.

பறிக்கும்போது தடிமனா கையுறை, முழுக்கை சட்டை. ஊறுகாய்க்குன்னா பச்சையும் ரோஸுமா இருக்கும்போதே எடுத்துரணும். காம்புல வர்ற பால் பிசுபிசுன்னு கையில ஒட்டும், தண்ணில போவாது, தேங்கா எண்ணெய் தடவி தேச்சா போயிரும். காய ரெண்டா கீறி வெதைய எடுத்துட்டு உப்பு தண்ணில கொஞ்ச நேரம் போட்டு அலசுனா பிசுக்கு கொறையும், அப்புறம் மாங்கா ஊறுகாய்க்கு போடுற அதே மொளகா, வெந்தயம், நல்லெண்ணெய்தான். பழமா திங்கணும்னா முழுசா கறுக்கட்டும், செவப்புல கடிச்சா பல்லு கூசும்.