பெரிய டேங்க் போட்டதும் நாசில் அடிக்கடி நிற்கிறதா?

பிக்கப்பில் பெரிய டேங்க் மாட்டிய பிறகு, டீசல் போடும்போது நாசில் 'டக் டக்' என்று நின்றுகொண்டே இருந்தால், டேங்கை இறக்காதீர்கள். முதலில் வென்ட் ஹோஸ் (டேங்கிலிருந்து காற்று வெளியேறும் குழாய்) எங்காவது தொய்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். டேங்கிலிருந்து ஃபில்லர் கழுத்து (டீசல் ஊற்றும் வாய்) வரை இறக்கமே இல்லாமல் மேல்நோக்கிப் போகும்படி வெட்டிச் சரிசெய்து, கிளிப் போட்டு இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டீசல் உள்ளே போக, அதே அளவு காற்று வெளியே வந்தாக வேண்டும். ஹோஸ் தொங்கும் இடத்தில் டீசல் தேங்கினால், சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைகுழாய் மாதிரி காற்றை அடைத்துவிடும். வழியில்லாத காற்று ஃபில்லர் வழியாகவே திரும்ப, டீசலும் கூடவே ஏறி வந்து நாசில் முனையில் உள்ள சிறு துளையை மூடும், நாசில் நின்றுவிடும். பழைய ஹோஸையே புது டேங்குக்கு வளைத்து மாட்டுவதுதான் வழக்கமான காரணம். ஹோஸ் மடிந்து நசுங்கியிருந்தாலும் இதே கதைதான்.

டேங்க் நிரம்பும் நேரத்தில் மட்டும் நின்றால் அது இயல்பு, விட்டுவிடலாம். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் ஹோஸை நோண்டிப் பயனில்லை, மூடியின் வால்வைப் பாருங்கள். மீட்டர் முள் தவறாகக் காட்டினால் அது டேங்குக்குள் இருக்கும் மிதவை சமாச்சாரம்.