ஏற்காடு ஏரியிலிருந்து சேர்வராயன் மலைக்கு நடந்து போக

ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சேர்வராயன் கோயிலுக்குக் காரிலேயே போய், குகைக்குள் கும்பிட்டுவிட்டு அரை மணியில் திரும்பிவிடுகிறார்கள். நடந்தும் போகலாம். ஏரிக்கரையிலிருந்து கோயிலுக்கு ஒரு வழி ஐந்தாறு கிலோமீட்டர். உச்சி 5,326 அடி என்றாலும், ஏரியே நல்ல உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டியது முந்நூறு மீட்டருக்குள்தான். நிதானமாக நடந்தால் ஏற இரண்டு மணி, மேலே ஒரு மணி, இறங்க ஒன்றரை மணி. பத்து வயதுப் பிள்ளையும் ஏறிவிடும். இந்த மலையில் ஆளைச் சிரமப்படுத்துவது உயரம் அல்ல. கிளம்பிய நேரமும் காலுக்குக் கீழே உள்ள மண்ணும்தான்.

காலை ஆறு, ஆறரைக்கு ஏரியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அதற்கு முந்தைய இரவே ஏற்காட்டில் தங்குவது நல்லது. சேலத்திலிருந்து அன்றைக்கே பஸ் ஏறினால் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு எல்லாம் கடந்து வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். வயிறு புரட்டுகிறவர்களுக்கு முதல் அரை மணி நேர நடை வீண். வளைவுகளில் குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாமல், பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து வருவது உத்தமம்.

சீக்கிரம் கிளம்பச் சொல்வது காட்சிக்காக மட்டும் அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடியோடு கோடை மழை இறங்கும். சேர்வராயன் உச்சி கூரான சிகரம் இல்லை. புல்லும் புதரும் மூடிய அகன்ற மேட்டு நிலம். அங்கே நின்றால் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் இடி பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. போட்டோவை விட்டுவிட்டு இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மூடிய கார், கட்டடம் இரண்டில் ஒன்று போதும். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும் வரை மறுபடி மேலே போக வேண்டாம்.

நடைக்கு நல்ல காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. அக்டோபர், நவம்பரில் பச்சை கண்ணைப் பறிக்கும். ஆனால் பாதி நாள் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மே மாதம் கோடை விழா, கோயில் திருவிழா இரண்டும் வரும். திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட மலைக்கிராமங்களே திரண்டு வரும். பார்க்க அருமையான நாள். நடக்கத் தோதான நாள் அல்ல.

வழி விஷயத்தில் ஒரே விதி: தார்ச் சாலையை விட்டு இறங்காதீர்கள். இரு பக்கமும் சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் சுற்றிய மிளகுக் கொடி. நடுவே தெரியும் ஒற்றையடிப் பாதை ‘குறுக்கு வழி’ போலத் தோன்றும். அது எஸ்டேட் ஆட்கள் வேலைக்குப் போகும் தடம். தனியார் நிலம், பாதி கம்பி வேலியில் போய் முட்டும். இன்னொரு காரணம் காட்டெருமை. விடியற்காலையிலும் மாலையிலும் காபித் தோட்ட ஓரம் மேயும். கடா ஒன்று ஆயிரம் கிலோ வரை வரும். ஆள் உயரச் செடிக்குள் அது நிற்பது பத்தடி நெருங்கும் வரை தெரியாது. சாலையில் எதிர்ப்பட்டால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நின்று, அதுவாகக் கடந்து போகும் வரை காத்திருங்கள். உஸ்ஸென்று மூச்சு விட்டாலோ, தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டினாலோ போகச் சொல்கிறது என்று அர்த்தம். முதுகைக் காட்டி ஓடாமல் பின்னோக்கி நகருங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போவது, பிளாஷ் போட்டுப் படம் எடுப்பது இரண்டும் வம்பை விலைக்கு வாங்குவது.

உச்சியின் மண் தனி ரகம். சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கடினப் பாறை. அதன் தலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் செம்புரைக்கல்லும் மூடியிருக்கின்றன. வெயிலில் இது சிறு உருண்டைக் கற்களாக உதிர்ந்து காலுக்கடியில் உருளும். மழையில் செஞ்சேறாகி ஷூவின் பள்ளங்களை அடைத்துவிடும்; அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவும் வழவழப்பான செருப்புதான். சரிவில் இறங்கும் முன் ஒரு குச்சியால் பள்ளங்களைச் சுரண்டிவிட்டு இறங்குங்கள். கால் விரல்கள் முன்னால் போய் இடிப்பதால் நகம் கறுப்பது இறக்கத்தில்தான். முந்தின நாளே நகத்தை ஒட்ட வெட்டி, இறங்கும்போது கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் சிறிய எட்டு வைத்து, முட்டியைச் சற்று மடக்கியே இறங்கட்டும்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு மழைக்கோட்டு, கடலை மிட்டாய் போதும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள். கவர் சலசலப்பது குரங்குக்கு அழைப்பிதழ். மழை நாளில் ஒரு பொட்டலம் உப்பு. அட்டை கடித்தால் பிடுங்காமல், மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்துத் தள்ளிவிடுங்கள். அது கடிக்கும்போது செலுத்தும் நீர் ரத்தத்தை உறைய விடாது. நெடுநேரம் கசிந்தால் பயப்படாமல் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மேலே குகைக்குள் சேர்வராயரும் காவேரியம்மனும். வாய் தாழ்வு, உள்ளே குறுகல்; பையை ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து போக வேண்டும். செருப்பைக் கழற்றி நடப்பதால் வெயில் ஏறுவதற்கு முன் போவது பாதத்துக்கு நல்லது.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காய்ந்த புல்லில் ஒரு தீக்குச்சி போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது மலைச்சரிவுக் காட்டுத்தீயில்தான். மேல்நோக்கி வரும் தீயை மனிதக் கால் முந்த முடியாது. உச்சியில் அடுப்பு மூட்டுவது, சிகரெட் பிடிப்பது இரண்டும் கூடாது. சாலையை விட்டுக் காட்டுக்குள் நடக்க ஆசை இருந்தால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வாங்கிக்கொண்டு போங்கள்.

இறங்கிய அன்றைக்கே கிளியூர் அருவியையும் சேர்க்க நினைப்பவர்கள் யோசித்துச் செய்யவும். ஏரியின் உபரி நீர்தான் அங்கே விழுகிறது, அதனால் கோடையில் வெறும் பாறைதான். மழைக்குப் பிறகு தண்ணீர் இருக்கும்போது படிகள் வழுக்கும். மலைக்கு நேர்மாறாக முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். தொடை நடுங்குகிற கால்களோடு அந்தப் படிகளில் இறங்குவதைவிட ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, அருவியை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.