கரியமில வாயுவைச் செலுத்தி எண்ணெய் எடுப்பது: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, வற்றிவரும் எண்ணெய் வயலுக்குள் அழுத்தினால், பாறையில் சிக்கிய எண்ணெய் இளகி மேலே வரும். வாயுவும் உள்ளே தங்கும். குஜராத்தில் கோயலி சுத்திகரிப்பு ஆலையின் வாயுவைக் காந்தார் வயலுக்குக் கொண்டுபோக இந்தியன் ஆயிலும் ஓஎன்ஜிசியும் 2019-ல் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. இந்த மாதிரித் திட்டங்களுக்குக் கணக்குப் போடும் புதியவர்களின் எக்செல் கோப்புகள் என்னிடம் வருகின்றன. என் பழைய கோப்புகளில் இருந்த அதே ஓட்டைகள். டாலர்–ரூபாய் மாற்று மாதிரிச் சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

டெக்சாஸின் வாயு விலையை அப்படியே எடுப்பது

அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் 1972 முதல் இது நடக்கிறது. ஆனால் அவர்கள் செலுத்தும் வாயுவில் பெரும்பகுதி பூமிக்கடியில் இயற்கையாகவே கிடைப்பது. புகையிலிருந்து பிரிக்கும் செலவே அதில் இல்லை.

வயல் கடைசிவரை ஒரே அளவு வாயு வாங்கும் என்று நினைப்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு பீப்பாய்க்கு இத்தனை டன், வருடத்துக்கு இத்தனை பீப்பாய், அப்படியே 25 வருடத்துக்கு இழுத்துவிடுவார்கள். வரைபடத்தில் ஒரு நேர்கோடு.

நிலத்தடியில் அப்படி நடப்பதில்லை. சில காலம் கழித்து, செலுத்திய வாயுவில் ஒரு பங்கு எண்ணெயோடு மேலே வந்துவிடும். காசு கொடுத்து வாங்கியதை யார் காற்றில் விடுவார்கள்? பிரித்து, அழுத்தி, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். ஆக, வயல் புதிதாக வாங்குவது வருடாவருடம் குறையும். ஆலையோ அதே அளவு வாயுவைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கடன் தவணையும் குறையாது.

ஓர் ஆய்வுக் கூட்டத்தில் இப்படி ஒரு நேர்கோட்டைக் காட்டிய தம்பியிடம், "மேலே வரும் வாயுவை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "அது வயல்காரர் பாடு சார்" என்றார். அந்த வயல்காரர்தானே அவருடைய ஒரே வாடிக்கையாளர்!

சீனாவில் 2022-ல் தொடங்கிய சீலு–ஷெங்லி திட்டத்தில் ஆலையும் வயலும் சினோபெக் என்ற ஒரே எண்ணெய் நிறுவனத்தின் வசமே உள்ளன. ஆலைக்கு நட்டம் வந்தாலும் பணம் குழுமத்துக்குள்தான் சுற்றும். கோயலியும் காந்தாரும் இரண்டு நிறுவனங்கள். அங்கே குறைந்தபட்சக் கொள்முதல் அளவு, மிஞ்சும் வாயு போகுமிடம் இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும். அடுத்தடுத்த வயல்களை அதே குழாயில் இணைக்கலாம். பூமிக்கடியில் உப்புநீர் நிறைந்த பாறையில் புதைக்கவும் செய்யலாம். ஆனால் அதற்குப் பணம் தர எண்ணெய் இல்லை.

இதே நேர்கோட்டால் இன்னொரு கேடு: சுழன்று வரும் அதே டன்னை ஒவ்வொரு முறையும் 'சேமித்தது' என்று எண்ணுவது. புதிதாக வாங்கியதில் கசிந்தது போக மீதிதான் சேமிப்பு. அப்புறம், திரும்ப அழுத்தும் கம்ப்ரசரின் விலை, அதன் மின்கட்டணம். இவற்றுக்குப் பல கோப்புகளில் ஒரு வரிசைகூடக் கிடையாது.

எண்ணெய் விலைக்கு ஒரே எண்

டெக்சாஸில் அனல்மின் நிலையப் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து எண்ணெய் வயலுக்கு அனுப்பும் பெட்ரா நோவா திட்டம் சுமார் 100 கோடி டாலர் செலவில் 2017-ல் ஓடத் தொடங்கியது. 2020-ல் எண்ணெய் விலை சரிந்ததும் வாயு பிரிப்பதை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியது 2023-ல். வரிச்சலுகை உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. நம் வட்டி விகிதத்தில் மூன்று வருட மூடலைப் போட்டுப் பாருங்கள்.

செஸ், ராயல்டி

ஓஎன்ஜிசியின் பழைய வயல்களில், கச்சா எண்ணெய்க்கு மத்திய அரசு விதிக்கும் செஸ் மட்டுமே 20 சதவீதம். இப்படி மிச்ச எண்ணெயை எடுப்பதை ஊக்குவிக்க அரசு கொண்டுவந்த 2018 கொள்கையின் சலுகை கூடுதல் உற்பத்திக்குத்தான்.

ஈரம்

ஈரமான கரியமில வாயு சாதாரண எஃகை அரிக்கும். பழைய கிணறுகளின் குழாய் மாற்றச் செலவு சேருங்கள்.

எரியும் எண்ணெயை மறப்பது

ஒரு பீப்பாய் எண்ணெய் எரிந்தால் சுமார் 0.43 டன் கரியமில வாயு. கார்பன் கிரெடிட், அதாவது வாயுவைக் குறைத்ததற்கான சான்று, வாங்க வருபவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். பதில் தயாராகும்வரை அந்த வருமானத்தைக் கோப்பில் சேர்க்காதீர்கள்.