கால்வாய்ப் புரதம் விளங்கவில்லையா? இறைப்பு நடக்கிற தோட்டத்துக்குப் போங்கள்

கலமென்சவ்வுப் பாடத்தைப் பாடமாக்கிவிட்டுச் சோதனையில் முழிக்கிற ஏ.எல். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு நடக்கும்போது வரம்பில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்ற மெசின் வேண்டும், எண்ணெய் எரியும். வாய்க்காலுக்கு வந்த பிறகு அது தன்பாட்டில் பள்ளத்துக்கு ஓடும். தண்ணி மாறுகிறவர் மண்வெட்டியால் பாத்தியின் வாயை வெட்டிவிடுவார், நிறைந்ததும் ஒரு கொத்து மண்ணை இழுத்து அடைப்பார். அவர் தண்ணீரைத் தள்ளுவதே இல்லை.

கலத்தின் மென்சவ்வில் அயன்கள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்), தண்ணீர் போன்றவை கடக்கத் துளை தருகிற கால்வாய்ப் புரதமும் இவர் மாதிரித்தான். "கால்வாய்ப் புரதம் அயனைத் தள்ளுகிறது" என்று எழுதி நான் புள்ளி இழந்திருக்கிறேன். ஓட வைப்பது செறிவு வித்தியாசம், அயன் என்றால் மின்னேற்ற வித்தியாசமும் சேரும். புரதம் வழி விடுகிறது, கலத்தின் எரிபொருளான ஏ.ரீ.பி. செலவில்லை. மெசின் வேலை சோடியம்-பொற்றாசியம் பம்பியுடையது: ஒரு ஏ.ரீ.பி.க்கு 3 சோடியம் வெளியே, 2 பொற்றாசியம் உள்ளே.

படம் கீறும்போது முதலில் மென்சவ்வின் பொசுபோலிப்பிட்டு (கொழுப்பு வால் உள்ள மூலக்கூறு) இரட்டைப் படை, அதன் நடுவில் அயன்கள் கடக்க முடியாத கொழுப்பு வால்கள். அப்புறம் இருபக்கமும் முட்டுகிற மாதிரி நடுவில் துளையுள்ள புரதம். பிறகு அயன்களைக் காட்டும் புள்ளிகள், ஒரு பக்கம் நிறைய, மறுபக்கம் குறைய. அம்புக்குறி கடைசியில்தான், அதை முதலில் போட்டால் நிச்சயம் பிழையாகும்.

சரி, தோட்டத்து உவமை உதவாத இடம் ஒன்று இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீரோடு சருகும் போகும், புரதத்தில் போகாது. சோடியம் அயன் பொற்றாசியம் அயனைவிடச் சின்னது, ஆனாலும் பொற்றாசியக் கால்வாய் சோடியத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பொற்றாசியத்தையே விடுகிறது! சின்னது போகாமல் பெரியது எப்படிப் போகும்? அயன்கள் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்துக்கொண்டு திரிபவை, ஒடுங்கிய இடத்தில் அந்தப் போர்வையைக் கழற்றவேண்டும். அங்கே துளையின் சுவரில் உள்ள ஒட்சிசன்கள் சரியாகப் பொற்றாசியத்தின் அளவுக்கு நிற்கின்றன, போர்வை போன இழப்பை அவை ஈடுசெய்கின்றன. சோடியத்துக்கு அந்த ஒட்சிசன்கள் எட்டாது, அதனால் அது போர்வையைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இந்தக் கால்வாயின் அமைப்பை ரொட்ரிக் மக்கினன் 1998இல் காட்டினார். தண்ணீர்க் கால்வாயான அக்குவாபோரினைக் கண்டுபிடித்த பீற்றர் அக்ரேயோடு 2003இல் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் அவர்தான். அக்குவாபோரினில் தண்ணீர் ஒற்றை வரிசையில், செக்கனுக்கு ஏறக்குறைய 300 கோடி மூலக்கூறுகள் என்ற கணக்கில் போகும், ஆனால் ஐதரசன் அயன் ஒன்றுகூட நுழையாது.

சில கால்வாய்களுக்குக் கதவு உண்டு, எது திறக்கிறது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்: மென்சவ்வின் மின்னழுத்த மாற்றமா, வந்து ஒட்டுகிற இரசாயனப் பொருளா. குளுக்கோசைக் கேட்டால் மட்டும் கால்வாய் கீறிவிடாதீர்கள், அதைக் கடத்துவது ஒவ்வொரு முறையும் உருமாறுகிற காவிப் புரதம்.